பேச்சை எழுதிக் கொடுத்தது யார் என்று மேடையில் கேட்டேன்

வேலை நேரம் போக, நாலு வருடமாக ஓப்பன் மைக் மேடைகளில், அதாவது யார் வேண்டுமானாலும் ஏறிப் பேசலாம் என்ற மேடைகளில், ஸ்டாண்ட்-அப் நகைச்சுவை செய்கிறேன். மேடை நகைச்சுவைக்கும் பொது விஷயத்துக்காகப் போராடும் சின்ன வயதுக்காரர்களுக்கும் உரசல் வந்த அனுபவம் உங்களுக்கும் இருந்தால் எழுதுங்கள். என்னுடையதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பதினேழு வயது மாணவி ஒருத்தி காற்று மாசு பற்றிப் பேசிய காணொளி அப்போது எல்லோர் போனிலும் சுற்றிக்கொண்டிருந்தது. அதை வைத்து ஒரு ஜோக் எழுதினேன். அப்பா எழுதிக் கொடுக்க, அம்மா மனப்பாடம் செய்ய வைக்க, பொண்ணு வந்து ஒப்பித்துவிட்டுப் போனாள் என்பதுதான் அதன் சாரம். நடுவில் அவள் குரலில் பேசியும் காட்டினேன். நல்ல சிரிப்பு. மூன்றாவது வரிசையில் அவளே உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியாது.

முடிந்ததும் என்னிடம் வந்தாள். கத்தவில்லை, அழவில்லை. பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து நீட்டி, "இதுல எங்கப்பா எழுதினது எதுன்னு காட்டுங்கண்ணா" என்றாள்.

ஐந்து மாதம், தினமும் காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை, பி.எம். 2.5 எனப்படும், காற்றில் கலந்திருக்கும் நுண்தூசியின் அளவு. ஒரு பக்கத்தில் நாலு நாள் எண்களைக் குறுக்கே கோடு போட்டு அடித்திருந்தாள். ஓரத்தில் "பனிமூட்டம், சேர்க்காதே" என்று ஒரு குறிப்பு. ஏன் என்று கேட்டேன். விலை குறைந்த கருவிகள் ஈரப்பதம் ஏறினால் தூசியைக் கூடுதலாகக் காட்டும் என்று விளக்கினாள். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்ன வரம்பு, 24 மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டருக்கு 15 மைக்ரோகிராம். அடித்துவிட்ட அந்த நாலு நாளும் அதைவிடப் பல மடங்கு. தன் வாதத்துக்கு வலு சேர்க்கிற எண்களை அவளே தூக்கிப் போட்டிருக்கிறாள். அவளை நம்பலாம் என்று எனக்குத் தோன்றியது அந்த அடித்தல்களைப் பார்த்துத்தான்.

அந்த ஜோக்கில் புதுசு எதுவும் இல்லை என்பதும் பிறகுதான் உறைத்தது. கிரெட்டா துன்பர்க் 2018 ஆகஸ்டில், 15 வயதில், பருவநிலை மாற்றத்தைத் தடுக்கச் சொல்லி ஸ்வீடன் நாடாளுமன்றத்துக்கு வெளியே தனியாக உட்கார்ந்தபோதும் இதே கேள்விதான் வந்தது. என் பேச்சை நான்தான் எழுதுகிறேன், சிக்கலான விஷயங்களை எப்படிச் சொல்வது என்று விஞ்ஞானிகளிடம் கேட்டுக்கொள்கிறேன் என்று அவர் விளக்கம் கொடுக்க வேண்டியிருந்தது. அறுபது வயதுக்காரர் விவரம் தெரிந்தவரிடம் கேட்டுப் பேசினால் பொறுப்பானவர் என்கிறோம். பதினைந்து வயதுப் பிள்ளை அதையே செய்தால் பின்னால் யாரோ இருக்கிறார்கள் என்கிறோம்.

அந்த ஜோக்கைச் சொல்ல எனக்கு உரிமை இருந்தது. இப்போதும் இருக்கிறது. ஆனால் அவள் பேசிய ஒன்பது நிமிடக் காணொளியில் நான் பார்த்தது நாற்பது விநாடி.

* * *

அண்ணா, நான் இருந்தது அந்தப் பெண்ணின் இடத்தில். ஆனால் என் கதை வேறு மாதிரி.

கல்லூரியில் கட்டண உயர்வை எதிர்த்து நடந்த கூட்டத்தில் பேசினேன். அப்போது எனக்கு 19 வயது. கட்டணத்தால் எத்தனை பேர் படிப்பை விட்டார்கள் என்று ஒரு எண்ணைச் சொன்னேன். யாரோ அனுப்பிய ஃபார்வர்டில் வந்தது அது. நான் சரிபார்க்கவில்லை. ஒரு நகைச்சுவைக் கலைஞர் அதைப் பிடித்துக்கொண்டார். அந்த எண் உண்மையென்றால் எங்கள் கல்லூரியில் மொத்தம் படிப்பவர்களைவிட விட்டவர்கள் அதிகமாக இருப்பார்கள் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். இரண்டு நிமிட கிளிப். என் பேச்சைவிட அதைத்தான் நிறைய பேர் பார்த்தார்கள்.

இரண்டு நாள் விடுதி அறையை விட்டு வெளியே வரவில்லை. அவர் சொன்னது சரி. அதுதான் ரொம்ப வலித்தது.

அப்புறம் நாங்கள் செய்ததைத்தான் இங்கே சொல்ல வேண்டும். அவருக்கு எங்கள் கல்லூரி விழாவில் ஒரு நிகழ்ச்சி இருந்தது. நாற்பது பேர் கையெழுத்துப் போட்டு, "மாணவர்களின் மனம் புண்படும், அமைதி கெடும்" என்று நிர்வாகத்துக்கு மனு கொடுத்தோம். ரத்து செய்துவிட்டார்கள். ஜெயித்துவிட்டோம் என்று கட்டிப்பிடித்துக்கொண்டோம்.

இரண்டு மாதம் கழித்து எங்கள் அடுத்த கூட்டத்துக்கு அரங்கம் கேட்டபோது மறுத்துவிட்டார்கள். காரணம், "சில மாணவர்களின் மனம் புண்படும், அமைதி கெடும்". எங்கள் மனுவில் இருந்த வரிதான். யாரோ பார்த்து எழுதியது மாதிரி இருந்தது. எதிர்த்து வாதாட என்னிடம் ஒரு சொல்கூட இல்லை. அந்த வாதத்தை அவர்கள் கையில் கொடுத்ததே நான்தானே.

லென்னி புரூஸ் என்ற அமெரிக்கக் கலைஞரைப் பற்றி அதற்குப் பிறகுதான் படித்தேன். 1964-இல் நியூயார்க்கில் ஆபாசமாகப் பேசியதாகத் தண்டனை. மேல்முறையீடு முடியாமலே 1966-இல் இறந்துபோனார். அந்த மாநில ஆளுநர் மன்னிப்பு வழங்கியது 2003-இல். ஒருவர் வாயை அடைக்க ஒரு மனு போதும். திரும்பத் திறக்க எத்தனை வருடம் ஆகும் என்று யாருக்கும் தெரியாது.

இப்போது எந்த மேடையில் எண் சொன்னாலும் அது எங்கிருந்து வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். அவர் மேல் இன்னும் கொஞ்சம் கோபம் இருக்கிறது. அவர் நிகழ்ச்சியை நிறுத்தியது தவறு என்பதிலும் சந்தேகமில்லை.

* * *

மேலே எழுதிய இருவருக்கும் நன்றி. ஆசிரியராக எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு.

கனடாவில் மைக் வார்ட் என்ற நகைச்சுவைக் கலைஞர் மீதான வழக்கை வகுப்பில் விவாதத்துக்கு எடுத்தேன். முகத்தையும் செவித்திறனையும் பாதிக்கும் பிறவிக் குறைபாடு உள்ள ஜெரமி கேப்ரியல் என்ற இளம் பாடகரை அவர் மேடையில் கிண்டல் செய்தார். 2016-இல் மனித உரிமைத் தீர்ப்பாயம் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. 2021-இல் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் அதை மாற்றியது. அந்தப் பையனைக் குறிவைத்தது அவர் பிரபலம் என்பதால்தான், குறைபாட்டுக்காக அல்ல என்றது பெரும்பான்மைத் தீர்ப்பு.

என் மாணவர்கள் பெரும்பாலும் வார்ட் பக்கம். காதுக் கருவி போட்டிருக்கும் மாணவன் ஒருவன் மட்டும் எழுந்து, "தீர்ப்பு சரியா இருக்கலாம் சார். அந்த ஜோக்கை ஸ்கூல்ல வந்து சொன்ன பசங்களுக்கு யாரு தீர்ப்பு சொல்றது?" என்றான். கேப்ரியலுக்கும் அதுதான் நடந்தது. கூடப் படித்தவர்கள் பள்ளியில் அதையே சொல்லிக் காட்டினார்கள். பெரியவர் ஒருவர் மேடையில் ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டுப் போவதைச் சின்னப் பிள்ளைகள் வருடம் முழுக்கக் கேட்கிறார்கள்.

இன்னொன்று. நம்பகத்தன்மையைக் கேலி செய்பவர்கள் மட்டும் பறிப்பதில்லை, கூட நிற்பவர்களும் பறிக்கிறார்கள். கிளாடெட் கோல்வின் என்ற கறுப்பினப் பெண் 1955 மார்ச் 2-ஆம் தேதி அமெரிக்காவின் மாண்ட்கோமரி நகரப் பேருந்தில் வெள்ளையருக்காக இருக்கையை விட மறுத்தபோது வயது 15. அதே ஊரில் அப்படி மறுத்துப் புகழ்பெற்ற ரோசா பார்க்ஸுக்கு ஒன்பது மாதம் முன்பே. இயக்கத் தலைவர்கள் அவரை முன்னிறுத்தத் தயங்கினார்கள். பின்னால் பேருந்துப் பாகுபாட்டை ஒழித்த வழக்கில் மனு செய்தவர்களில் அவரும் ஒருவர்.

* * *

எனக்கு உடன்பாடில்லை. ஒவ்வொரு ஜோக்குக்கு முன்னாலும் ஒன்பது நிமிடக் காணொளி பார்க்கச் சொன்னால் மேடை ஏற ஆளே இருக்காது. மேலே எழுதிய தங்கைக்கு நடந்தது நல்லதுதான். தவறான எண்ணைக் கிண்டல்தான் பிடித்தது. மற்ற யாரும் பிடிக்கவில்லை. பொது வெளியில் வந்து பேசினால் இதையும் தாங்க வேண்டும், எந்த வயதானாலும்.

* * *

முதலில் எழுதியவன்தான் மறுபடி வந்திருக்கிறேன்.

நண்பரே, அந்தத் தங்கையின் எண்ணைக் கிண்டல் செய்தவர் கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் மேடை ஏறியிருக்கிறார். நான் பார்க்கவில்லை. எல்லா ஜோக்குக்கும் பார்க்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இன்னார் பொய் சொல்கிறார் என்பதே ஜோக்காக இருந்தால் பார்த்தாக வேண்டும். ஆசிரியர் ஐயா கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அந்த மாணவனிடம் அப்படியே சொல்லுங்கள்.

அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "அடுத்த வாரம் மைக் கிடைச்சா இந்த வாரச் சராசரியைப் படிப்பீங்களா?" என்றாள். படித்தேன். ஒரே ஒரு எண், பக்கத்தில் வரம்பு 15. யாரும் சிரிக்கவில்லை, என் ஐந்து நிமிடத்தில் ஒரு நிமிடம் போய்விட்டது. இறங்கி வரும்போது கடைசி வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து, அது எந்தத் தெருவில் எடுத்த அளவு என்று கேட்டார். அவள் நம்பரை நானாகக் கொடுக்கக் கூடாது என்பதால், அவருடையதை வாங்கி அவளுக்கு அனுப்பினேன்.