மழைக்காலத்தில் டிராலிச் சக்கரத் தடங்கள்: புல்தரையைக் காப்பது எப்படி?

கேள்வி (டர்பன், திடல் குழு உறுப்பினர்)

அனைவருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகருக்கு வடமேற்கே களிமண் நிலத்தில் அமைந்த ஒரு சிறிய கோல்ஃப் திடலின் பராமரிப்புக் குழுவில் இருக்கிறேன். அக்டோபரில் தொடங்கி மார்ச் வரை நீளும் மழைக்காலத்தில், கோல்ஃப் பையை வைத்து இழுத்துச் செல்லும் டிராலிகள் உருளும் இடமெல்லாம் தடம் விழுந்துவிடுகிறது. ஏழாவது கிரீனுக்கும் (குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை) அதை ஒட்டிய பங்கருக்கும் (மணற்பள்ளம்) நடுவே உள்ள குறுகிய வழியில் புல் அறவே தேய்ந்து, கையகலத்தில் இரண்டு பள்ளங்கள் ஓடுகின்றன. மழை விட்ட மறுநாளும் அவற்றில் தண்ணீர் தேங்கி நிற்கிறது. மழை பெய்தால் டிராலியைத் தடை செய்துவிட வேண்டும் என்கிறார்கள் சிலர். பையைத் தோளில் சுமக்க இயலாத மூத்த உறுப்பினர்களோ, அப்படியானால் நாங்கள் வீட்டில்தான் இருக்க வேண்டும் என்று வருந்துகிறார்கள். இருதரப்புக்கும் நியாயமான வழி ஏதேனும் உண்டா?

மறுமொழி (பீட்டர்மரிட்ஸ்பர்க், புல்தரைப் பராமரிப்பாளர்)

ஐயா, வண்டியின் எடையை மட்டும் பார்த்தால் இந்தச் சிக்கல் விளங்காது. பையோடு சேர்த்தாலும் ஒரு டிராலி 25 கிலோ அளவில்தான் இருக்கும். இருவர் அமர்ந்து ஓட்டிச் செல்லும் கோல்ஃப் வண்டியோ ஆள் ஏறுவதற்கு முன்பே ஏறக்குறைய 400 கிலோ. அப்படியிருந்தும் டிராலி கேடு விளைவிப்பதற்குக் காரணம், எல்லோரும் ஒரே கோட்டில் இழுத்துச் செல்வதும், ஈரத்தில் சக்கரம் வழுக்குவதும், நின்ற இடத்திலேயே வண்டியைத் திருப்புவதும்தான்.

நெல் வயலில் சேற்றுழவு செய்வது எதற்காக என்று எண்ணிப் பாருங்கள். ஈர மண்ணை மிதித்துக் குழைத்தால் அதிலுள்ள நுண்துளைகள் அடைபட்டு, தண்ணீர் கீழே இறங்காமல் நிற்கும் என்பதற்காகத்தானே? நெல்லுக்கு வேண்டிய அந்த நிலை புல்தரைக்குப் பகை. துளைகள் அடைபட்டதும் வேருக்குக் காற்று கிடைப்பதில்லை, வேர் மேலோடு நின்றுவிடுகிறது, அடுத்த மழைக்கு அதே இடம் இன்னும் எளிதாகக் குழைகிறது. உங்கள் பள்ளத்தில் மறுநாளும் தண்ணீர் நிற்பதற்குக் காரணம் இதுவே. டர்பன் கடலோரத்தில் மணற்குன்றுகள் மீது அமைந்த திடல்களில் இந்தத் தொல்லை குறைவு. அங்கே எடுபடும் விதியை உங்கள் களிமண்ணுக்கு அப்படியே கொண்டுவர முடியாது.

ஆகவே மழை பெய்ததா என்று பார்த்துத் தடை விதிக்காமல், தரை எப்படி இருக்கிறது என்று பார்த்து முடிவெடுங்கள். காலையில் ஒருவர் தாழ்வான இடங்களுக்கு நடந்து சென்று காலை ஊன்றிப் பார்க்கட்டும். செருப்பைச் சுற்றித் தண்ணீர் கசிந்தால் அந்தப் பகுதிக்கு அன்று சக்கரம் வேண்டாம். ஈரம் மட்டும் இருந்து நீர் கசியாவிட்டால், கயிறும் முளைக்குச்சியும் கொண்டு வழியை மாற்றிவிட்டு டிராலியை அனுமதிக்கலாம். அந்த முளைகளைச் சில நாளுக்கு ஒருமுறை இடம் மாற்றிக்கொண்டே இருப்பது மிக முக்கியம். மாற்றாமல் விட்டால் புதிய வழியும் பழைய வழியின் கதிக்கே வந்துவிடும்.

கிரீனுக்கும் பங்கருக்கும் இடையே எந்தக் காலத்திலும் டிராலி போகக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அவ்வளவு குறுகிய இடத்தில் வழியை மாற்றுவதற்கே இடமில்லை. கிரீனின் பின்புறமாகச் சுற்றிச் சென்று, அடுத்த டீக்கு (ஒவ்வொரு குழிக்கும் முதல் அடி அடிக்கும் இடம்) அருகில் வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள்.

மறுமொழி (கேப் டவுன்)

எங்கள் பக்கம் மழை குளிர்காலத்தில் வருகிறது. ஜூன், ஜூலையில் கிக்குயூ புல்லின் வளர்ச்சி மிகவும் மந்தமாகிவிடுவதால், அப்போது விழுந்த தடம் வசந்தம் வரை மாறாமல் கிடக்கும். உங்களுக்கு மழையும் வெயிலும் சேர்ந்தே வருவதால், சிறிது ஓய்வு கொடுத்தாலே புல் படர்ந்து மூடிக்கொள்ளும். இந்த வாய்ப்பை நழுவவிடாதீர்கள்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. இரண்டு ஐயங்கள் எஞ்சியுள்ளன. முள் போன்ற சிறு முனைகள் கொண்ட குளிர்காலச் சக்கரங்களை வாங்கச் சொல்லிச் சிலர் வற்புறுத்துகிறார்கள்; அவை உதவுமா? ஏற்கெனவே விழுந்த பள்ளங்களில் மண் கொட்டி நிரப்பிவிடலாமா?

மறுமொழி (பீட்டர்மரிட்ஸ்பர்க், புல்தரைப் பராமரிப்பாளர்)

அந்தச் சக்கரங்கள் வழுக்கலைக் குறைக்கும். சரிவுகளில் நன்மை உண்டு. ஆனால் நீர் ஊறிய களிமண்ணை எந்தச் சக்கரமும் காப்பாற்றாது. அவற்றை வாங்கியவர்களுக்கு எல்லா நாளும் அனுமதி என்று மட்டும் அறிவித்துவிடாதீர்கள்.

பள்ளத்தில் மண் கொட்ட வேண்டாம்; இறுகிய அடிமண் அப்படியே இருக்கும்போது மேலே மண் நிரப்பிப் பயனில்லை. தரை ஓரளவு காய்ந்து, கையில் உருட்டினால் மண் உதிரும் பதத்துக்கு வரும்வரை பொறுத்திருங்கள். பிறகு கவை முள்ளைப் பள்ளத்தின் இரு ஓரத்திலும் சாய்வாகக் குத்தி, புல்லை வேரோடு மெல்ல மேலே நெம்பி உயர்த்துங்கள். அதன்பின் அந்தப் பகுதி முழுவதும் துளையிட்டு மண் உருளைகளை அகற்றி, துளைகளை மணலால் நிரப்புங்கள். புல் வேகமாக வளரும் காலத்தில் இதைச் செய்தால் சில வாரங்களில் பலன் தெரியும். அதன் பிறகும் நீர் நின்றால், கூழாங்கல் நிரப்பிய வடிகால் ஒன்றைத் தோண்டியே ஆக வேண்டும்.

மறுமொழி (சாட்ஸ்வொர்த், மூத்த ஆட்டக்காரர்)

தம்பி, எங்களைப் போன்றவர்களுக்காக ஒரு வேண்டுகோள். டிராலி கூடாத நாளில் கேடிகளை (ஆட்டக்காரரின் பையைச் சுமப்பவர்கள்) அமர்த்தி, அந்தக் கூலியில் ஒரு பங்கைச் சங்கம் ஏற்கட்டும். பை தோளில் போகும், தரையும் தப்பும், ஒருவருக்கு அன்றைய வருமானமும் கிடைக்கும். 1963-இல் நட்டால் ஓப்பன் கோல்ஃப் போட்டியை வென்ற, இந்திய வம்சாவளியைச் சேர்ந்த பாப்வா சேவ்கோலமும் கேடியாக இருந்து வந்தவர்தான். நம் மக்களில் பலர் இந்த ஆட்டத்தைக் கற்றதே பை சுமந்துதான். தடை உண்டா இல்லையா என்பதைக் காலை ஆறு மணிக்குள் எல்லோருக்கும் செய்தியாக அனுப்பிவிடுங்கள். வாசல்வரை வந்தபின் திருப்பி அனுப்பினால்தான் மனம் நோகிறது.