இராணுவம் இல்லாத நாட்டின் கடலுக்கு யார் காவல்?

கேள்வி (காத்ர் போர்னிலிருந்து ஒரு தாய்):

என் மகனுக்குப் பத்து வயது. மொரீசியஸுக்கு இராணுவம் கிடையாது என்று பள்ளியில் சொன்னார்களாம். அப்படியானால் கள்ளப் படகு வந்தால் யார் தடுப்பது என்று இரண்டு நாளாக என்னைக் குடைகிறான். கப்பல் விபத்தின்போது மாயேபூர் கரையில் அடித்த எண்ணெய் நாற்றம் அவனுக்கு இன்னும் நினைவிருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் (ஓய்வு பெற்ற கடலோரக் காவலர்):

போலீஸ்தான் அம்மா. கடலோரக் காவல் படை 1987-இல் போலீஸின் ஒரு பிரிவாகத் தொடங்கியது. நானும் அந்தச் சீருடையைப் போட்டவன். தலைமைப் பொறுப்புக்கு இந்தியக் கடற்படையிலிருந்து அதிகாரி வருவது வழக்கம்.

தம்பியிடம் முதலில் ஒரு வரைபடத்தை விரித்துக் காட்டுங்கள். நம் நிலம் 2,040 சதுர கிலோமீட்டர். மீனுக்கும் மற்ற வளங்களுக்கும் நாம் உரிமை கோரும் கடலோ சுமார் 23 லட்சம் சதுர கிலோமீட்டர். எங்களிடம் உள்ளவற்றில் பெரிய கப்பல் பாராகூடா. கொல்கத்தாவில் கட்டி, 2015-இல் வந்தது. அது முழு வேகத்தில் ஓடினாலும் வடக்கே தொலைவில் உள்ள நம் தீவான அகலேகா போய்ச் சேர ஒரு பகலும் ஓர் இரவும் போதாது. அதனால்தான் டோர்னியர் விமானம் மேலிருந்து பார்க்கிறது, ரேடார்கள் கரையிலிருந்து பார்க்கின்றன. செயின்ட் பிரான்டன் திட்டில்கூட எங்கள் ஆட்கள் இருக்கிறார்கள். நானும் அங்கே இருந்திருக்கிறேன். சுற்றிலும் மணலும் கடற்பறவைகளும்தான். வானொலியில் ஒரு குரல் கேட்டால் மனம் நிறைந்துவிடும்.

அண்டைத் தீவான ரெயூனியன் பக்கமிருந்து இரவில் போதைப்பொருளோடு வரும் விரைவுப் படகுக்குப் பெரிய கப்பல் உதவாது. அதற்குச் சிறு படகும், உறங்காத ஆளும் வேண்டும்.

பதில் (மாயேபூர்க்காரி):

ஐயா சொல்வதோடு ஒன்று சேர்க்கிறேன். 2020 ஆகஸ்டில், பாறையில் ஏறி நின்ற வகாஷியோ என்ற சரக்குக் கப்பலிலிருந்து சுமார் ஆயிரம் டன் எண்ணெய் கடலில் கலந்தபோது, துணியைப் பை போலத் தைத்துக் கரும்புச் சோகையைத் திணித்து மிதவைத் தடுப்பு செய்தோம். ஊரே இரவும் பகலும் தைத்தது. என் மாமாவின் வலை அன்றிலிருந்து பல மாதம் காய்ந்தே கிடந்தது. கடலைக் காப்பவர் பட்டியலில் மீனவரையும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள் அக்கா.

கேள்வி கேட்டவர்:

இருவருக்கும் நன்றி. ஐயா, அவன் அடுத்த கேள்வியோடு நிற்கிறான்: அந்தக் கப்பல் கரையை நெருங்கும்போதே ஏன் நிறுத்தவில்லை?

பதில் (ஓய்வு பெற்ற கடலோரக் காவலர்):

எனக்கும் தூக்கம் கெடுத்த கேள்வி அது. கரையிலிருந்து 12 கடல் மைல் வரை நம் எல்லை. ஆனாலும் தீங்கு செய்யாமல் கடந்து போகும் கப்பலுக்கு வழிவிட வேண்டும் என்பது உலகச் சட்டம். ஒரு கப்பல் பாதை விலகினால் முதலில் வானொலியில் கூப்பிடுவோம். பதில் வராவிட்டால் படகுதான் போக வேண்டும். வகாஷியோ 300 மீட்டர் நீளம். அவ்வளவு பெரிய கப்பல் பிரேக் போட்டதும் நின்றுவிடாது, கிலோமீட்டர் கணக்கில் ஓடித்தான் நிற்கும். ஜூலை 25 மாலை அது பவளப்பாறையில் ஏறியது. கைப்பேசி சிக்னலுக்காகக் கரை பக்கம் வந்தார்கள் என்பது பின்னால் விசாரணையில் வெளிவந்தது. கப்பல் தலைவருக்குச் சிறைத் தண்டனையும் கிடைத்தது.

பாதை விலகிய அந்த முதல் மணி நேரத்திலேயே கண்காணிப்பு அறையில் இருக்கும் ஒருவர் எழுந்து கேட்க வேண்டும். தம்பிக்கு விருப்பமிருந்தால் பெரியவனானதும் அந்த நாற்காலியில் வந்து உட்காரட்டும்.