பூஞ்சை பிடித்த கேசட்டிலிருந்து நண்பரின் குரலை மீட்க வேண்டும்

நாற்பது ஆண்டுகள் என் உற்ற நண்பராக இருந்து, வணிகக் கப்பல்களில் வானொலி அதிகாரியாகவே பணிக்காலத்தைக் கழித்தவர், சென்ற மாதம் குன்னூரில் காலமானார். 1991-இல் கப்பலிலிருந்து பேசி அனுப்பிய 90 நிமிடக் கேசட் ஒன்றில் மட்டுமே அவருடைய குரல் என்னிடம் எஞ்சியிருக்கிறது. மணிக்கு இருமுறை, 15-ஆவது நிமிடத்திலும் 45-ஆவது நிமிடத்திலும், 500 கிலோஹெர்ட்ஸ் என்ற அபாய அழைப்பு அலைவரிசையில் எல்லாக் கப்பல்களும் மூன்று நிமிடம் மௌனம் காத்து அபாய அழைப்புக்குக் காதுகொடுக்கும் அன்றைய வழக்கத்தை அதில் விவரித்துவிட்டு, என் பெயரை மோர்ஸில், அதாவது புள்ளியும் கோடுமான தந்திக் குறியீட்டில், தட்டிக் காட்டுவார். மோர்ஸ் இன்று கப்பல்களில் இல்லை, அவரும் இல்லை.

இவ்வூரின் ஈரத்தில் நாடாச் சுருளின் விளிம்பெங்கும் வெண்பூஞ்சை படர்ந்துள்ளது. முதல் பக்கம் பதினொரு நிமிடம் மங்கலாக ஓடி, கீச்சிட்டு நின்றுவிடுகிறது. மறுபக்கம் சுழலவே இல்லை.

பென்சிலால் மெதுவாகச் சுற்றினேன். சிலிக்கா ஜெல்லுடன் பத்து நாள் மூடிவைத்தேன். கேசட்டை ஓட்டும் டெக்கில், நாடாவிலிருந்து ஒலியைப் படிக்கும் ஹெட்டை ஆல்கஹாலால் துடைத்தேன். வேறொரு டெக்கிலும் போட்டுப் பார்த்தேன். ஊட்டியில் ஒரு பழுதுபார்ப்புக் கடையிலும் கைவிரித்துவிட்டார்கள். நாடா அறுந்துவிடுமோ என்ற அச்சத்தால் கேசட்டின் ஐந்து திருகுகளை இன்னும் கழற்றவில்லை.

பூஞ்சையை நீக்கி, நாடாவைப் புதிய கூட்டுக்கு மாற்றி, ஒலியைக் கணினியில் பதிவுசெய்து தரும் அனுபவசாலி நீலகிரியிலோ கோவையிலோ யார் இருக்கிறார்?