அப்டேட்: அம்மாவோட காது மிஷினை வீடியோ கால்லயே செக் பண்ணியாச்சு

போன வாரம் கேட்டிருந்தேன்ல, அம்மாவுக்கு வலது காது மிஷின்ல சத்தம் மங்கலா கேக்குது, ஆன்லைன்ல காட்டினா சரியாகுமான்னு. நேத்து ஆடியாலஜிஸ்ட் (காது கேக்குறதை செக் பண்ணி மிஷின் செட் பண்றவங்க) கூட வீடியோ கால்ல முக்கால் மணி நேரம் உக்காந்தோம்.

முதல்ல ஆப் வழியா டேட்டா லாக், அதாவது மிஷினை எவ்ளோ நேரம் போட்டிருந்தாங்கன்னு மிஷினே பதிஞ்சு வைக்கிற கணக்கைப் பாத்தாங்க. அம்மா நாள் பூரா போட்டிருக்கேன்னுதான் சொல்வாங்க, ஆனா அதுல ஒரு நாளைக்கு சராசரி 3 மணி நேரம்தான் இருந்துச்சு, எனக்கு மனசு கஷ்டமாயிடுச்சு, பாவம் சரியா கேக்காததாலதான் கழட்டி வச்சிருக்காங்க.

அப்புறம் லிங் டெஸ்ட், பேச்சுல வர்ற சத்தங்கள் காதுல விழுதான்னு பாக்குறது. நான் அம்மாவுக்குப் பின்னாடி நின்னு ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ்னு 6 சத்தம் சொல்லணும், அவங்க திருப்பிச் சொல்லணும், உதட்டைப் பாத்து கண்டுபிடிக்கக் கூடாதுன்னுதான் பின்னாடி நிக்கச் சொல்றாங்க. வலது பக்கம் ஷ், ஸ் ரெண்டுமே விழல. கேமராகிட்ட மிஷினைக் காட்டினா வாக்ஸ் ஃபில்டர் (காது அழுக்கு மிஷினுக்குள்ள போகாம தடுக்குற சின்ன வடிகட்டி) அடைச்சிருக்கு! மாத்தினதும் பாதி சரியாயிடுச்சு, மீதிக்கு அங்கிருந்தே ஹை ஃப்ரீக்வென்சியை (ஷ், ஸ் மாதிரி கீச்சு சத்தம்) கொஞ்சம் ஏத்திவிட்டாங்க. செட்டிங் சேவ் ஆகும்போது சில செகண்ட் சத்தமே வராது, பயப்படாதீங்க.

காதுக்குள்ள சின்ன ட்யூப் மைக் வச்சு அளக்குற ரியல் இயர் டெஸ்ட்டுக்கு மட்டும் நேர்லதான் போகணும், அடுத்த மாசம் போறோம்.

இன்னிக்கு காலைல இருந்து அம்மா மிஷினைக் கழட்டவே இல்ல.