இரண்டாம் ருடால்ஃப் செப்புத்தகட்டுப் படம்: பின் அட்டையைப் பிரிக்க உதவி தேவை

வணக்கம். வானியலாளர்கள் டைகோ பிராகேவையும் கெப்ளரையும் ப்ராக் நகரில் ஆதரித்த புனித ரோமப் பேரரசர் இரண்டாம் ருடால்ஃபின் உருவப்படம் இது. எகிடியஸ் சாடெலர் 1603-இல் செதுக்கியது. இந்தப் பிரதி அசல் தகட்டு அச்சா, பிற்கால நகலா?

10 மடங்கு லென்ஸில் கோடுகளின் நுனி ஊசிபோல் மெலிகிறது. சாய்வொளியில் மை மேடாகத் தெரிகிறது. நல்ல அறிகுறிகள்தான், ஆனால் ஹீலியோகிராவூர் (புகைப்பட முறையில் தகடு செய்து அச்சிடுவது) நகலும் செப்புத்தகட்டிலிருந்தே அச்சாவதால் இவை மட்டும் போதாது. ஓரம் வெட்டப்பட்டு, அச்சிடும்போது தகட்டின் விளிம்பு தாளில் பதிக்கும் தகட்டுத் தடமும் போய்விட்டது. சான்றாக மிஞ்சியிருப்பது தாளின் நீர்க்குறி (தாள் தயாரிக்கும்போதே பதியும், ஒளியில் பிடித்தால் தெரியும் அடையாளம்). அதைப் பின்னால் ஒட்டிய தடித்த அட்டை மறைக்கிறது.

ஒட்டியது மாவுப்பசையானால் மெத்தில் செல்லுலோஸ் கூழ் (ஈரத்தை மெல்ல விட்டுப் பசையை இளக்கும் கூழ்) பூசி அட்டையைப் படலம் படலமாக உரிக்கலாம். நீரில் நேரே ஊறவைத்தால் கீழே பேனாவில் எழுதிய வரி கரையக்கூடும். கூழ் எத்தனை சதவீதம், ஒரு பூச்சுக்கு எத்தனை நிமிடம்? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.