ஆராதனையில் எனக்கு அழுகை வருவதில்லை, தேவன் என்னைத் தொடவில்லையா?

மலர்விழி_எஸ்தர்:
எல்லோருக்கும் ஸ்தோத்திரம். நான் வளர்ந்ததே சுவிசேஷ சபையில்தான். இயேசு எனக்காக மரித்தார், உயிர்த்தார் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் ஆராதனையில் மற்றவர்கள் கைகளை உயர்த்தி அழும்போது எனக்குள் எதுவும் நடப்பதில்லை. சாட்சி சொல்கிறவர்கள் ‘கர்த்தர் என்னோடு பேசினார், அந்த வேலை வேண்டாம் என்றார்’ என்கிறார்கள், எனக்கு அப்படி எந்தச் சத்தமும் கேட்டதில்லை. வாலிபர் கூட்டத் தலைவரிடம் சொன்னேன், உனக்குள் ஏதோ தடை இருக்கிறது, பாவ அறிக்கை செய் என்றார். செய்தேன், ஒன்றும் மாறவில்லை. விளக்கு மங்கி, ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடும்போது வருகிற கண்ணீர் ஆவியானவரால் வருவதா, இசையால் வருவதா? யாரையும் குறை சொல்லவில்லை, உண்மையாகவே தெரிய வேண்டும்.

பழைய_வாசகன்:
சிஸ்டர், உங்கள் இரட்சிப்பு உங்கள் கண்ணீரை நம்பி இல்லை, அதை முதலில் பிடித்துக்கொள்ளுங்கள்.

இது பழைய கேள்விதான். 1740களில் அமெரிக்கக் காலனிகளில் எழுப்புதல், அதாவது ஜனங்கள் திரளாக பக்தியில் அனல்கொண்ட இயக்கம், பரவியபோது ஜனங்கள் கதறினார்கள், மயங்கி விழுந்தார்கள். பாஸ்டன் போதகர் சார்லஸ் சான்சி இதை வெறும் வெறியாட்டம் என்று எதிர்த்தார். அதே காலத்துப் போதகர் ஜோனத்தன் எட்வர்ட்ஸ் அப்படித் தள்ளிவிடவில்லை, உள்ளம் அசையாத பக்தி பக்தியே இல்லை என்பதுதான் அவர் நிலை. ஆனால் 1746ல் வந்த நூலில் அவர் செய்த வேலை முக்கியமானது: உணர்ச்சி தீவிரமாக இருப்பது, உடல் நடுங்குவது, வசனம் திடீரென்று மனதில் உதிப்பது என்று ஒவ்வொன்றாக எடுத்து, இது தேவனால் வந்தது என்பதற்கும் அத்தாட்சி இல்லை, வரவில்லை என்பதற்கும் அத்தாட்சி இல்லை என்று எழுதினார். கடைசியில் அவர் வந்து நின்ற இடம், ஒருவர் நாள்தோறும் எப்படி நடக்கிறார் என்பது. இத்தனைக்கும் அவர் மனைவி சாரா 1742ல் நாள்கணக்கில் பரவசத்தில் இருந்தவர், அதையும் மதிப்போடுதான் பதிவு செய்தார்.

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியையும் பாருங்கள். 1738 மே 24 அன்று லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருக் கூட்டத்தில் இருதயம் அனல்கொண்டதாக அவர் எழுதியதை எல்லாப் பிரசங்கிகளும் சொல்கிறார்கள். அடுத்த ஜனவரியிலேயே, தான் இன்னும் கிறிஸ்தவன் இல்லை என்று நாட்குறிப்பில் எழுதினார், அதை யாரும் சொல்வதில்லை. அப்புறமும் 50 வருடம் பிரசங்கித்தார்.

அசூசா_மகள்:
நான் பெந்தெகொஸ்தே, பரிசுத்த ஆவியின் அனுபவத்தை வலியுறுத்துகிற சபை. மேலே சொன்னதை மறுக்கவில்லை, ஆனால் உணர்ச்சியைச் சந்தேகிப்பதுதான் முதிர்ச்சி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 1906ல் லாஸ் ஏஞ்சல்ஸ் அசூசா தெருவில், அடிமைகளாக இருந்த பெற்றோரின் மகன் வில்லியம் சீமோர் நடத்திய கூட்டத்தில் கறுப்பரும் வெள்ளையரும் ஒரே இடத்தில் முழங்கால்படியிட்டு அழுதார்கள், பெண்கள் எழுந்து பேசினார்கள். பத்திரிகைகள் கேலி செய்தன. ஆனால் அந்த நாட்டில் ஒழுங்காக, அமைதியாக ஆராதித்த எத்தனையோ சபைகள் நிறத்தால் பிரிந்துதான் கிடந்தன.

இசையால் வந்தால் தேவன் இல்லை என்பதும் சரியில்லை. எலிசாவே வாத்தியக்காரனை அழைத்து வாசிக்கச் சொன்ன பிறகுதான் கர்த்தருடைய கரம் அவன்மேல் இறங்கியது (2 இராஜாக்கள் 3:15). உங்களுக்குத் தடை இருக்கிறது என்று உங்கள் வாலிபர் கூட்டத் தலைவர் சொன்னது மட்டும் தவறு, அதைச் சொல்ல அவருக்கு அதிகாரம் கிடையாது.

தாவீது_நண்பன்:
எனக்கு அழுகையைவிட ‘கர்த்தர் சொன்னார்’ என்பதுதான் பயம். அதைச் சொல்லிவிட்டால் அதற்குமேல் யாரும் வாய் திறக்க முடியாது. பவுல் அப்படி விடவில்லை, தீர்க்கதரிசி பேசினால் மற்றவர்கள் நிதானித்துப் பார்க்க வேண்டும் என்றார் (1 கொரிந்தியர் 14:29). என் அண்ணன் நோயில் கிடந்தபோது, சுகம் கிடைத்துவிட்டது, கர்த்தர் காட்டினார் என்று ஒருவர் அறிவித்தார். அண்ணன் இறந்தான். வீட்டில் விசுவாசம் போதவில்லை என்றார்கள், அதை என் அம்மா இன்றுவரை சுமக்கிறார். தேவன் குறுக்கிடுகிறார் என்று நான் இன்னும் நம்புகிறேன், ஜெபிக்கிறேன். ஆனால் பவுல் தன் மாம்சத்தில் இருந்த முள் என்று சொன்ன வேதனை, அவர் மூன்றுதரம் வேண்டியும் நீங்கவில்லை, ‘என் கிருபை உனக்குப்போதும்’ என்றுதான் பதில் வந்தது. அவருக்கு விசுவாசம் குறைவு என்று எந்தப் போதகரும் சொல்ல மாட்டார், என் அம்மாவிடம் மட்டும் எப்படிச் சொன்னார்கள்?

மலர்விழி_எஸ்தர்:
உங்கள் அம்மாவுக்காக ஜெபிக்கிறேன் பிரதர். எல்லோருக்கும் நன்றி. அப்படியானால் ஒன்றும் உணராதபோது நான் என்ன ஜெபிப்பது? உணர்ந்ததுபோல் காட்டிக்கொள்வது எனக்குப் பொய்யாகப் படுகிறது.

பழைய_வாசகன்:
காட்டிக்கொள்ளவே வேண்டாம். சங்கீதம் 88ஐ வாசியுங்கள். மற்ற புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் துதியில் முடியும், இது இருளிலேயே முடிகிறது, அதையும் வேதத்தில் வைத்திருக்கிறார்கள். அந்த வார்த்தைகளையே சத்தமாகச் சொல்லி ஜெபியுங்கள்.