நான்கு வயதுக் குழந்தைக்கு எந்தக் கல்வி மென்பொருள்? வாங்கியது சாம்பல் கட்டமாக நிற்கிறது

பாலக்கோடு அம்மா:
மகளுக்கு நான்கு வயது முடியப்போகிறது, அங்கன்வாடிக்குப் போகிறாள். தம்பி பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த மடிக்கணினி சும்மா கிடக்கிறது. விண்டோஸ் 7. கடையொன்றில் “எழுத்து, எண், பாட்டு எல்லாம் இதிலேயே இருக்கிறது” என்று பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்தார்கள். பாதி திறக்கிறது. மீதிக்கு பிரவுசரில் சாம்பல் கட்டம் மட்டும் வருகிறது. கடையில் கேட்டால் நெட் போட்டுப் பாருங்கள் என்கிறார்கள். ஓடுகிற பாதியிலும் ஒரு தொல்லை: தப்பான எழுத்தைத் தொட்டால் ‘டொய்ங்’ என்று பெரிய சத்தம். இப்போதெல்லாம் என் விரலைப் பிடித்து என்னையே அழுத்தச் சொல்கிறாள். இதைச் சரிசெய்ய முடியுமா, வேறு பார்க்க வேண்டுமா?

கிருஷ்ணகிரி பழுதுபார்ப்பவர்:
நெட் போட்டாலும் வராது அக்கா. அந்தப் பகுதி பெரும்பாலும் ஃபிளாஷில் (பிரவுசரில் அசையும் படம், விளையாட்டு ஓட்டும் பழைய மென்பொருள்) செய்ததாக இருக்கும். அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் 31-உடன் ஃபிளாஷைக் கைவிட்டது, பிரவுசர்களும் எடுத்துவிட்டன. ‘ஃபிளாஷ் பிளேயர்’ என்று எங்காவது தேடி இறக்கிவிடாதீர்கள், அந்தப் பெயரில் வைரஸ்தான் உலவுகிறது. கடையில் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.

குழந்தைகள் படம் வரைய டக்ஸ் பெயின்ட், கற்றல் விளையாட்டுகளுக்கு ஜிகாம்ப்ரி என்று இரண்டு மென்பொருள்கள் உண்டு. இரண்டும் இலவசம், விளம்பரம் கிடையாது. முன்னது மூன்று வயது முதல் பன்னிரண்டு வரை, பின்னது இரண்டு முதல் பத்து வரை. பழைய மடிக்கணினிக்கு முதலில் டக்ஸ் பெயின்டைப் போடுங்கள். அமைப்பில் தமிழையும் தேர்ந்தெடுக்கலாம். நிறுவிய பிறகு நெட் தேவையில்லை.

பென்னாகரம் ஓய்வு ஆசிரியை:
தம்பி சொன்னது சரி. நான் எந்த மென்பொருளை எடுத்தாலும் முதலில் வேண்டுமென்றே தப்பாக அழுத்திப் பார்ப்பேன். அப்போது அது கத்தினால் அங்கேயே மூடிவிடுவேன். உங்கள் பெண் விரலைக் கொடுக்க மறுக்கிறாள் என்றால் குறை அவளிடம் இல்லை.

ஜிகாம்ப்ரியில் சுட்டியை (மவுஸை) நகர்த்தினாலே கட்டங்கள் அழிந்து அடியிலிருக்கும் படம் தெரியும் ஒரு விளையாட்டு உண்டு. அதில் தப்பு என்பதே கிடையாது. குழந்தை முதலில் கையை வேகமாக ஆட்டும். பிறகு ஒரு மூலையில் மிச்சமிருக்கும் ஒற்றைக் கட்டத்துக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு மெல்ல நகர்த்தும். சுட்டி அவ்வளவில் கைக்குப் பழகிவிடும். கண்ட்ரோல் பேனலில் சுட்டியின் வேகத்தைக் குறைத்து, அம்பைப் பெரிதாக்கிக் கொடுங்கள்.

எண்ணுக்கு மென்பொருளே வேண்டாம். ஒன்று முதல் இருபது வரை பாட்டாக ஒப்பிக்கும் பிள்ளையிடம் மூன்று டம்ளர் எடுத்து வா என்றால் கையில் அகப்பட்டதை எல்லாம் அள்ளிக்கொண்டு வரும். நம் ஊரில் புளியங்கொட்டைக்கா பஞ்சம்?

ஓசூர் அப்பா:
எங்கள் வீட்டில் தெலுங்கு, அங்கன்வாடியில் தமிழ். ஆங்கிலத்தில் கட்டளை சொல்லும் மென்பொருள் என் மகனுக்கு வெறும் இரைச்சல். பேச்சே இல்லாமல் படத்தைப் பார்த்து விளையாடக்கூடியதாகத் தேடியதில் படம் வரைவதுதான் நிலைத்தது. தமிழ் எழுத்துச் செயலிகள் பலவும் முடிந்த ‘அ’வைக் காட்டி வண்ணம் பூசச் சொல்கின்றன; எங்கே தொடங்கி எப்படிச் சுழிப்பது என்று காட்டுவதில்லை. முறத்தில் ராகியைப் பரப்பி விரலைப் பிடித்து எழுதவைக்கிறோம். தமிழ்ப் பாட்டும் கதையும் வேண்டுமென்றால் தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்தில் ‘மழலைக் கல்வி’ பாருங்கள்.

காரிமங்கலம் அங்கன்வாடிப் பணியாளர்:
எதைப் போட்டாலும் நேரத்தைக் கவனியுங்கள் அம்மா. இந்த வயதுக்குத் திரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொல்லியிருக்கிறது. அதில் பாட்டியின் சீரியலைக் கூட இருந்து பார்ப்பதும் சேரும்.

பாலக்கோடு அம்மா:
அனைவருக்கும் நன்றி. டக்ஸ் பெயின்ட் போட்டாயிற்று. சத்தத்துக்குப் பயப்படவில்லை, சிரிக்கிறாள். ஆனால் அடிக்கடி வெளியேறும் பொத்தானை அழுத்திவிடுகிறாள். நேற்று வரைந்த படத்தின் மேலேயே இன்று வரைந்து சேமித்தும் விடுகிறாள். வழி உண்டா?

கிருஷ்ணகிரி பழுதுபார்ப்பவர்:
அதனுடன் டக்ஸ் பெயின்ட் கான்ஃபிக் என்று தனி நிரல் இருக்கிறது அக்கா. அதில் வெளியேறும் பொத்தானை நீக்கிவிடலாம். நீங்கள் மூட ஆல்ட்டும் எஃப்4-உம் சேர்த்து அழுத்துங்கள். சேமிப்புப் பகுதியில் எப்போதும் புதிய படமாகச் சேமிக்கும்படி வையுங்கள். பழைய படம் அப்படியே இருக்கும். கோப்புப் பெயர் எதுவும் கேட்காது. திறக்கும் பொத்தானைத் தொட்டால் படங்கள் சிறிதாக வரிசையில் தெரியும், அவளே எடுத்துக்கொள்வாள். அச்சுப் பொத்தானையும் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.